கூரை வேலைக்கு முன் முகட்டைப் பாருங்கள்

கூரை வேலை செய்யப் போகிறோம் என்று யாரிடமாவது சொல்லிப் பாருங்கள். முதலில் "ஓடா, சீற்றா?" என்பார்கள். அடுத்தது, "எவ்வளவு கேக்கினம்?" கூரையின் உச்சியான முகட்டைப் பற்றி ஒரு மனிதர் கேட்கமாட்டார். நான் கணக்கு வழக்கில் சீவிக்கிறவள். ஒரு தொகையைக் கையில் தந்தால் அது எங்கிருந்து வந்தது என்று பார்க்காமல் விடமாட்டேன். வந்து பார்த்த பாஸ்மார், அதாவது கூரை வேலைக்காரர், எழுதித் தந்த எஸ்டிமேட்டுகளை மேசையில் பரப்பி வைத்துப் பார்த்தால் ஓடு, சலாகை, கூலி எல்லாம் கிட்டத்தட்ட ஒரே அளவு. முகடு என்ற வரிக்கு வந்தால் ஒருவருடைய தொகைக்கும் மற்றவருடையதற்கும் ஏணி வைத்தாலும் எட்டாது. ஒருவர் அந்த வரியையே எழுதவில்லை. கேட்டதற்கு, "அது சும்மா பூசிவிடலாம் மிஸ்" என்றார்.

அந்த "சும்மா பூசிவிடலாம்" தான் எனக்குப் பொறுக்கவில்லை.

எங்கள் வீடு கொழும்பு வெள்ளவத்தையில், காலி வீதியில் இருந்து கடலுக்கு இறங்கும் ஒழுங்கைகளில் ஒன்றில் இருக்கிறது. அப்பா வாங்கிய பழைய கலிகட் ஓட்டு வீடு. சுற்றிவர எல்லாம் தொடர்மாடி ஆகிவிட்டது. அதில் ஒரு வசதியும் உண்டு. பக்கத்துத் தொடர்மாடியின் ஐந்தாம் மாடி அன்ரியின் பல்கனியில் இருந்து பார்த்தால் எங்கள் கூரை முழுவதும் ஒரு வரைபடம் மாதிரித் தெரியும். "வாரும் பிள்ளை, தேத்தண்ணி குடிச்சுக்கொண்டு உம்மட வீட்டு முகட்டைப் பாரும்" என்று கூப்பிட்டார். இத்தனை வருடமாக அந்த வீட்டில் இருந்தும் முகட்டை மேலிருந்து பார்த்தது அன்றைக்குத்தான்.

இரண்டு பக்கச் சரிவும் உச்சியில் சந்திக்கும் அந்தக் கோடு நேராக இருக்க வேண்டும். எங்களுடையது நடுவில் தொய்ந்திருந்தது. முகட்டை மூடும் முகட்டோடுகளின் இரு விளிம்பிலும் சீமெந்துச் சாந்து. அதில் ஒரு இடம் கறுப்பு, ஒரு இடம் சாம்பல், ஒரு இடம் சிவப்புச் சாயம் கலந்தது. ஒவ்வொரு ஒழுக்குக்கும் ஒவ்வொருவர் வந்து பூசிவிட்டுப் போன வரலாறு அது. கடல் பக்க முனையில், இரண்டு முகட்டோடு பொருந்தும் இடத்தில், ஒரு அரசங்கன்று. ஒரு சாண் உயரம், நாலைந்து இலை, நல்ல பச்சை. காகம் எச்சத்தோடு போட்ட விதையாக இருக்கும். போனில் பெருப்பித்துப் பார்த்தபோது வேர் சாந்தைப் பிளந்துகொண்டு ஓட்டுக்கு அடியில் போயிருந்தது தெரிந்தது. இலையைக் கிள்ளிவிட்டால் அது மறுபடி தளிர்க்கும். வேரோடு எடுக்க வேண்டும் என்றால் அந்த இரண்டு முகட்டோட்டையும் கழற்றியே ஆக வேண்டும்.

சரி, தொய்வுக்கு வருகிறேன். ஓட்டுக்கு மேலே நின்று எவ்வளவு பார்த்தாலும் தொய்வின் காரணம் விளங்காது. சீலிங்குக்கு மேலே ஏற வேண்டும். ரோர்ச்சோடு, பாஸின் கையாளாக வந்த பொடியன் ஏணியைப் பிடிக்க, ஏறினேன். அங்கே முகட்டு வளை தெரியும்: வீட்டின் நீளத்துக்கு உச்சியில் ஓடும் மரம். கைமரங்கள் எல்லாம் அதிலிருந்து இரண்டு பக்கமும் சுவர் மீதுள்ள வளை வரை இறங்கும். கைமரத்துக்குக் குறுக்கே சலாகை, கொழும்பில் ரீப்பை என்றால்தான் கடைக்காரருக்கு விளங்கும். சலாகையில் ஓடு கொழுவி நிற்கும்.

இங்கே கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: இந்த முகட்டு வளை பாரம் தாங்குகிறதா, வெறுமனே கைமரங்களைச் சேர்த்துப் பிடிக்கிறதா? இரண்டுக்கும் வித்தியாசம் பெரிது. பழைய கொழும்பு வீடுகள் பலவற்றில் இரு முனையிலும் முக்கோணச் சுவரும், இடையில் ஒரு குறுக்குச் சுவரும் முகடு வரை எழும்பி நிற்கும். வளை அந்தச் சுவர்கள் மேல் உட்கார்ந்திருக்கும். பாரம் வளை வழியாகச் சுவருக்குப் போகும். இன்னொரு வகையில் வளை மெல்லிய பலகைதான். இரண்டு பக்கக் கைமரங்களும் ஒன்றை ஒன்று தள்ளிக்கொண்டு நிற்கும், கீழே குறுக்கு விட்டம் அவற்றின் காலை விரியவிடாமல் பிடித்திருக்கும். அந்தக் குறுக்கு விட்டத்தை யாரும் வெட்டினால் சுவர் வெளியே தள்ளுப்படும், முகடு இறங்கும். ஏசி குழாய் கொண்டுபோக வந்தவர்கள், தண்ணீர்த் தாங்கி வைக்க வந்தவர்கள் இப்படி அறுத்துவிட்டுப் போன வீடுகள் உண்டு.

எங்கள் வீட்டில் நடந்தது முதல் வகையின் கூத்து. அப்பா காலத்தில் ஹோலைப் பெருப்பிக்க நடுச்சுவரை எடுத்திருக்கிறார்கள். முகடு வரை இருந்த சுவர் அது. அதற்குப் பதிலாக அந்த வேலையைச் செய்தவர் வளைக்குக் கீழே ஒரு முட்டுக்கட்டை வைத்து, அதைச் சீலிங் மரத்தின் மேல் நிற்க விட்டிருக்கிறார். ஓட்டின் பாரம் முழுக்கச் சீலிங் மரத்தின் முதுகில்! வளையின் அடியில் முனைக்கு முனை நூல் பிடித்துப் பார்த்தோம். நடுவில் ஒன்றரை அங்குலம் இறக்கம். ஏறத்தாழ இருபதடி நீளத்துக்கு அது கூடுதல்தான். கறையானும் கொஞ்சம் இருந்தது, வளை சுவருக்குள் போகும் முனையில். ஆணியால் குத்தினால் பிஸ்கட் மாதிரி உதிர்ந்தது. மரம் சுவருக்குள் போகும் இடம், ஒழுக்கு இறங்கும் இடம், இந்த இரண்டையும் குத்திப் பார்க்காமல் எந்த வளையையும் நல்லது என்று சொல்லாதீர்கள். வெளியே வண்ணம் பூசி வடிவாகத்தான் இருக்கும்.

இதை ஒரு பாஸுக்குக் காட்டினேன். அவர் சொன்ன வழி: தொய்வு உள்ள இடத்தில் முகட்டோட்டுக்கு அடியில் சாந்தைக் கூட்டிப் போட்டால் மேலே நேராக வந்துவிடும். நேராகத் தெரியும், உண்மைதான். ஆனால் எந்த இடத்தில் மரம் சோர்ந்துபோய் இருக்கிறதோ சரியாக அந்த இடத்தில்தான் கூடுதல் பாரத்தை ஏற்றுகிறோம். இன்னொருவர், வயதானவர், மொரட்டுவைக்காரர், நூலைப் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினார். "மிஸ், முதல் இதைத் தூக்க வேணும். பிறகுதான் ஓடு." நடுவில் ஒரு மரச் சட்டகம் கட்டி, அதன் காலை இரண்டு பக்கச் சுவரிலும் நிறுத்தி, வளையைக் கொஞ்சம் கொஞ்சமாக மேலே எடுக்க வேண்டும் என்றார். அவருக்குத்தான் வேலையைக் கொடுத்தேன். அவருடைய தொகைதான் கூட, தெரியும்.

ரொறொன்ரோவில் இருக்கும் தம்பிக்கு வட்ஸ்அப்பில் படம் அனுப்பினேன். அவன் உடனே, "அக்கா, உதெல்லாத்தையும் கழட்டிப்போட்டு ஸ்லாப் அடியுங்கோவன்" என்றான். பிறகு தன் வீட்டு முகட்டின் படத்தை அனுப்பினான். அங்கே முகட்டின் நீளத்துக்குக் காற்றுப் போக வாய் விட்டு, அதன் மேல் ஒரு மூடி போட்டிருக்கிறார்கள். வீட்டுச் சூடும் ஈரமும் கூரைக்குள் தங்கினால் பனிக்காலத்தில் அவர்களுக்குத் தொல்லை. எங்களுக்குப் பனி இல்லை, சூடு உண்டு. சூடான காற்று எங்கே போய்ச் சேரும் என்றால் முகட்டுக்கு அடியில்தான். பழைய ஓட்டுக் கூரை ஓட்டுக்கு ஓடு உள்ள இடுக்கு வழியாகத் தானாக மூச்சு விடும். இப்போது எல்லாரும் ஓட்டுக்கு அடியில் வெள்ளித்தாள் விரிக்கிறார்கள். அதை முகட்டுக்கு மேலாக ஒரே இழுவையில் போட்டுவிட்டால் சூடு போக வழி இல்லை. முகட்டுக்கு இரு பக்கமும் இரண்டு மூன்று அங்குலம் விட்டு நிறுத்தச் சொல்லுங்கள். முனைச் சுவர்களில் வலை அடித்த துவாரமும் வேண்டும். வலை முக்கியம். கொழும்பில் சீலிங்குக்கு மேலே குடியிருக்க மரநாய்க்கு அழைப்பிதழ் தேவையில்லை.

ஒழுக்கைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும், ஏனென்றால் அதில்தான் பலர் காசைக் கரைக்கிறார்கள். சீலிங்கில் கறை எங்கே இருக்கிறதோ அதற்கு நேர் மேலேதான் ஓட்டை என்று நினைக்காதீர்கள். தண்ணீர் வளையைப் பிடித்து ஓடும், கைமரத்தின் அடிப்பக்கத்தைப் பிடித்து இறங்கும், பிறகு ஒரு ஆணியிலோ முடிச்சிலோ சொட்டும். எங்கள் வீட்டில் கறை வடக்கு அறையில். ஆனால் பிழை முகட்டின் தெற்கு விளிம்பில். எங்கள் முகடு கடலில் இருந்து காலி வீதிப் பக்கமாக, மேற்குக் கிழக்காக ஓடுகிறது. மே மாதம் தொடங்கி செப்டெம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்று. அது தெற்குச் சரிவில் விழும் மழையைக் கீழே ஓட விடாமல் மேலே தள்ளிக்கொண்டு வருகிறது. உச்சியில் சாந்து வெடித்திருந்தால் முகட்டோட்டுக்கு அடியால் நுழைந்து மறு பக்கம் போய் விழும்.

இதைக் கண்டுபிடிக்கச் சுலபமான குறிப்பு ஒன்று உண்டு. எந்த மழைக்கும் ஒழுகினால் ஓடு உடைந்திருக்கலாம், இல்லாவிட்டால் விலகியிருக்கலாம். நேராகக் கொட்டும் ஒக்டோபர் பின்னேரத்து இடிமழைக்குச் சும்மா இருந்துவிட்டு, காற்றோடு வரும் ஜூன் தூறலுக்கு ஒழுகினால் முதலில் முகட்டைச் சந்தேகப்படுங்கள். உறுதிப்படுத்த வேண்டும் என்றால் தண்ணீர்க் குழாயைப் பிடித்து, கீழிருந்து மேலாக, ஒவ்வொரு வரிசையாக நனையுங்கள், ஒருவர் சீலிங்குக்கு மேலே ரோர்ச்சோடு இருக்கட்டும். மேலிருந்து தொடங்கினால் தண்ணீர் எல்லாவற்றையும் நனைத்துக்கொண்டு இறங்கும், ஒன்றும் பிடிபடாது.

சாந்து ஏன் வெடிக்கிறது? மரம் ஈரத்துக்கும் வெயிலுக்கும் அசையும். ஓடு வெயிலில் விரியும், மழை பட்டதும் சட்டென்று குளிரும். இவை இரண்டுக்கும் நடுவில் விறைத்த சீமெந்து. பாஸ்மாரில் சிலர் "ஸ்ட்ரோங்காக இருக்கட்டும்" என்று சீமெந்தைக் கூட்டிக் கலப்பார்கள். கூட்டக் கூட்டக் காயும்போது அது சுருங்கும், வெடிக்கும். ஒன்றுக்கு மூன்று மணல் போதும், ஓட்டை நனைத்துவிட்டு வைக்க வேண்டும். காய்ந்த ஓடு சாந்தின் தண்ணீரை உறிஞ்சிவிட்டால் பிடிப்பே வராது. வெடித்ததன் மேல் இன்னொரு படை பூசுவது வீண் செலவு. கழற்றி, சுரண்டி, புதிதாக வைப்பதுதான் வேலை. எங்கள் கூரையின் மூன்று நிறச் சாந்தும் அதற்குச் சாட்சி.

முகட்டோடு வைக்கும் திசையும் கவனிக்க வேண்டியது. ஒன்றின் வாய்க்குள் ஒன்று ஏறி உட்காரும் அந்தப் பொருத்துகளின் திறந்த விளிம்பு காற்றுக்கு முதுகு காட்ட வேண்டும். எங்கள் வீட்டில் காலி வீதி முனையில் தொடங்கிக் கடல் முனையில் முடித்தால் சரி. கழற்றும்போது பார்த்தால் பழையவர்கள் அப்படித்தான் வைத்திருந்தார்கள். இடையில் வந்து மாற்றிய சில ஓடுகள் மட்டும் எதிர்த் திசை. கடற்கரையில் இன்னொன்று: சாதாரண இரும்பு ஆணியும் கம்பியும் உப்புக் காற்றில் கரைந்துவிடும். துத்தநாகம் பூசியதையோ துருப்பிடிக்காத எஃகையோ கேட்டு வாங்குங்கள். பழைய சோனகத் தெருவில் கடைக்குக் கடை விலை கேட்கலாம், இதில் மிச்சம் பிடிக்க வேண்டாம்.

இனி எஸ்டிமேட். முகட்டின் நீளத்தை நீங்களே கணக்குப் பார்க்கலாம். வீடு 40 அடி நீளம், 24 அடி அகலம், எல்லாப் பக்கமும் 2 அடி தாழ்வாரம் என்று வையுங்கள். இரண்டு சரிவுக் கூரையானால் முகடு 44 அடி, முடிந்தது கதை. அதே வீட்டுக்கு நாலு பக்கச் சரிவு வைத்தால் உச்சி முகடு 44இல் இருந்து 28ஐக் கழித்தால் வரும் 16 அடிதான். ஆகா, குறைவு என்று சந்தோஷப்படாதீர்கள். நாலு மூலைகளிலும் சரிந்து இறங்கும் மூலை முகடுகள் இருக்கின்றன. 30 பாகைச் சரிவுக்கு ஒவ்வொன்றும் 21 அடிக்கு மேல். எல்லாம் சேர்த்தால் 101 அடிக்கு மேல் வரும். இரண்டு மடங்குக்கும் கூட! அதோடு மூலை முகட்டின் இரண்டு பக்கமும் ஓட்டைச் சரித்து வெட்ட வேண்டும், வெட்டுவதில் உடைவதும் உங்கள் கணக்கு. நாலு பக்கச் சரிவு வடிவுதான், காற்றையும் நன்றாகத் தாங்கும். ஆனால் "முகடு" என்று ஒரே வரியில் எழுதித் தந்தால் எத்தனை அடி என்று கேளுங்கள்.

சரிவைப் பார்ப்பது இன்னும் லேசு. கைமரத்தில் மட்டப்பலகையை 12 அங்குலம் மட்டமாக நீட்டிப் பிடித்து, அதன் நுனியில் இருந்து கைமரத்துக்கு நேர் கீழே அளந்தால் 7 அங்குலம் வந்தால் ஏறத்தாழ 30 பாகை. ஐந்தரை என்றால் 25க்குக் கிட்ட. கலிகட் ஓட்டுக்கு அதற்குக் கீழே போவது எங்கள் மழைக்குச் சரிவராது.

சலாகை இடைவெளியையும் முகட்டையும் சேர்த்தே கணக்குப் பார்க்க வேண்டும், இதை அந்த மொரட்டுவை பாஸ் செய்ததைப் பக்கத்தில் இருந்து பார்த்தேன். பீலிப் பக்கத்தில் இருந்து கண்மதிப்பில் அடித்துக்கொண்டு மேலே போனால் கடைசி வரிசை முகட்டுக்கு எட்டாமல் நின்றுவிடும். அந்த இடைவெளியை மறைக்கச் சாந்தைக் கொட்டுவார்கள், அதுதான் பிறகு ஒழுகும். இவர் புது ஓட்டில் சிலதைக் கீழே தரையில் கொழுவி வைத்து, இழுத்துப் பார்த்து, நெருக்கிப் பார்த்து, இரண்டுக்கும் நடு அளவை எடுத்தார். பிறகு தாழ்வாரத்தில் இருந்து முகடு வரை உள்ள நீளத்தை அந்த அளவால் பிரித்து, மிச்சம் வந்ததை எல்லா வரிசைக்கும் மயிரிழை மயிரிழையாகப் பங்கிட்டார். காதில் இருந்த பென்சிலை எடுத்து ஒரு சலாகைத் துண்டிலேயே அடையாளம் போட்டு, அந்தத் துண்டை வைத்து முழுக் கூரைக்கும் அடித்தார்கள். மேல் வரிசை முகட்டோட்டுக்குள் மூன்று அங்குலம் போய் நின்றது.

பின்பக்கக் குசினிக்கு அஸ்பெஸ்ரஸ் சீற். அதற்கு முகடு இரண்டு துண்டாக வரும், சரிவுக்கு ஏற்ப விரித்துப் போடலாம். அதை நாங்கள் மாற்றுகிறோம். நனைத்து, உடைக்காமல், முழுதாக இறக்கச் சொல்லியிருக்கிறேன். கிரைண்டர் வைக்கக் கூடாது, அந்தத் தூசு நெஞ்சுக்குள் போனால் பிறகு வெளியே வராது. இந்தச் சீற்றைத் தடை செய்ய அரசாங்கம் வெளிக்கிட்டதும், 2017 டிசம்பரில், அஸ்பெஸ்ரஸை எங்களுக்கு விற்ற ரஷ்யா ஒரு வண்டைக் காட்டி எங்கள் தேயிலையை நிறுத்தியதும், உடனே எங்கள் ஆட்கள் அஸ்பெஸ்ரஸ் கட்டுப்பாட்டைத் தளர்த்தியதும் ஞாபகம் இருக்கிறதா? தேத்தண்ணி குடிக்கும்போது எனக்கு அடிக்கடி ஞாபகம் வரும்.

அதற்குப் பதிலாக மெல்லிய உலோகத் தகடு போடுகிறவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். ஓடு தன் பாரத்தால் காற்றுக்கு அடங்கி இருக்கும். ஒரு சதுர மீற்றருக்கு 13 முதல் 15 ஓடு வரை பிடிக்கும், ஒரு ஓடே இரண்டு மூன்று கிலோ வரும். தகட்டுக்கு அந்தப் பாரம் இல்லை. முகட்டை ஒட்டிய இடத்தில் காற்று மேல்நோக்கி இழுக்கும், ஆகவே அங்கே திருகாணியைக் கூட்டிப் போட வேண்டும், கைமரத்தை வளையோடு பட்டியால் கட்ட வேண்டும். தகட்டு நெளிவுக்கும் முகட்டு மூடிக்கும் இடையில் உள்ள ஓட்டைகளுக்கு அளவான ஸ்பொஞ்சு வரும், அதை "தேவையில்லை" என்பார்கள். தேவை.

ஓட்டு விஷயத்தில் கடைசியாக ஒன்று. இந்தக் கலிகட் அச்சு ஓடு 1865இல் மங்களூரில் பாசல் மிஷன் என்ற கிறிஸ்தவ மிஷனரிச் சங்கம் தொடங்கிய தொழிற்சாலையில் இருந்து பரவியது. இப்போது எங்களுக்கு வாய்க்கால், தங்கொட்டுவை என்ற ஊர்களின் பக்கத்தில் இருந்து வருகிறது. எல்லாம் ஒரே மாதிரித் தெரிந்தாலும் ஒரு சூளையின் அச்சு இன்னொன்றோடு பொருந்தாது. முகட்டோடு இன்னும் மோசம், வளைவு கொஞ்சம் மாறினாலும் உட்காராது. ஆகவே வாங்கும்போதே பத்துப் பதினைந்து முகட்டோடு கூட வாங்கி வீட்டுப் பின்புறத்தில் அடுக்கி வையுங்கள். எங்கள் பாஸ் பழையதில் நல்லவற்றைக் கழுவித் தனியாக வைத்திருக்கிறார், குசினிக்கு அது போதும் என்கிறார். தம்பி இன்னும் ஸ்லாப்பைத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறான். காசு அனுப்புகிறவன், சொல்லிவிட்டுப் போகட்டும்.